மேவிஸும் பதினொன்றரைச் சங்கும்

நீங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி தம்பி. அதுக்குப் பதிலும் ஒரே ஒரு வரிதான். சொல்லிடுறேன். ஆனா வரியை மட்டும் கொடுத்தா நீங்க தப்பா எடுத்துக்குவீங்க. அதனால முன்கதையோட சொல்றேன். மேவிஸ் கோயிலுக்குப் பாட்டுப் பழக்கப் போயிருக்கா. பதினொன்றரைக்குள்ள வந்துடுவா. அதுக்குள்ள நாம பேசி முடிச்சுடலாம். அவ இருந்தா குறுக்க குறுக்க உண்மையைச் சொல்லுவா.

மெஷினை ஆன் பண்ணிட்டீங்களா? பண்ணிக்கங்க. எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல.

பேரு இன்னாசிமுத்து. வயசு எண்பத்திமூணு. இந்த செம்பாறை ஜங்ஷன் ரயில்வே பட்டறையில முப்பத்தெட்டு வருஷம் சங்கு ஊதினவன். கோயில் சங்கு இல்ல, நீராவிச் சங்கு. பாய்லர் வீட்டு மாடியில ஒரு ரூம், ரூம்ல ஒரு கயிறு, ஒரு கடிகாரம், நான். காலையில ஏழு, ஏழரை, பதினொன்றரை, பன்னிரண்டரை, சாயந்தரம் நாலரை. கயிறைப் பிடிச்சு அரை நிமிஷம் இழுக்கணும். அவ்வளவுதான் வேலை. "இதுக்கு ஒரு ஆளா"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இந்த ஊர்ல எவன் வீட்டுக் கடிகாரமும் என்னைப் பாத்துத்தான் ஓடிச்சு. சோத்தை வடிக்கிறது என் சங்குக்கு. ஸ்கூல் மணி என் சங்குக்கு. ஒரு பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தினதே என் சங்குக்குத்தான், அதுக்கு ஊரே எனக்குக் கடமைப்பட்டிருக்கு.

சரி, மேவிஸ்.

மேவிஸ் எஞ்சின் டிரைவர் டிக்ரூஸோட மக. ஆங்கிலோ இந்தியன். அறுபத்தி ஒண்ணுல அவளுக்கு இருபது வயசு. சனிக்கிழமை சாயந்தரம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால்ல டான்ஸ் நடக்கும். அதுல மத்தவங்க மெதுவா, கண்ணை மூடிக்கிட்டு, செத்தவங்களை நெனச்சுப் பாடுற மாதிரி பாடுவாங்க. இவ வந்தா துள்ளிக் குதிக்கிற ராக்கபில்லி. அதுதான் அந்தப் பாட்டு வகைக்குப் பேருன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். நாங்க அதை 'மேவிஸுக்கு வர்றது'ன்னு சொல்லுவோம். "இன்னிக்கு மேவிஸுக்கு வந்துச்சா?" "வந்துச்சு, ரெண்டு தடவை வந்துச்சு." அப்படி.

கூட மூணு பேரு. மூணு பேரும் பட்டறை ஆளுங்க. கிட்டாருக்குக் கிளாரன்ஸ், எஞ்சின்ல ஃபயர்மேனா இருந்து பட்டறைக்கு மாத்தலாகி வந்தவன். தலையில அவன் தடவின எண்ணெயை வடிச்சா ஒரு வண்டிக்கு அச்சுக்குப் போடலாம். தேயிலைப் பெட்டியைக் கவுத்துப் போட்டு, ஒரு தொடப்பக்கட்டை நட்டு, கயிறு கட்டி, அதைச் சுண்டிச் சுண்டி 'டொம் டொம்'னு வாசிக்கிறதுக்குத் தேவசகாயம். டிரம்முக்குப் பக்கிரிசாமி, கொல்லுலைப் பிரிவுல சுத்தியல் அடிக்கிறவன், அதனால அவனுக்கு அங்கயும் இங்கயும் வித்தியாசம் தெரியாது. மேவிஸும் பாயிண்ட்ஸ்மேன்களும்னு பேரு வெச்சுக்கிட்டாங்க. அதுல ஒருத்தன்கூட தண்டவாளம் மாத்திவிடுற பாயிண்ட்ஸ்மேன் இல்ல. அந்தக் காலத்துல அதையெல்லாம் யாரும் கேக்கல.

நான் அவளை முதல் தடவை கிட்டத்துல பாத்தது மேடையில. சிரிக்காதீங்க. அவ பாடும்போது நடுநடுவுல விக்கும். 'பே... ஹிக்... பி'ன்னு. அது ஸ்டைல்னு யாருக்குத் தெரியும்? எனக்குப் பதறிடுச்சு. ஒரு டம்ளர் தண்ணியை எடுத்துக்கிட்டு நேரா மேடையில ஏறி நீட்டினேன். அவ பாடிக்கிட்டே வாங்கி, ஒரு மடக்கு குடிச்சு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி விக்கினா. எனக்கு ஒண்ணும் புரியல. இன்னொரு டம்ளர் கொண்டு போனேன். அன்னிக்கு நாலு டம்ளர். அஞ்சாவது தடவை கிளாரன்ஸ் கிட்டாராலயே என்னை இடிச்சுக் கீழ தள்ளினான். அவனுக்கும் எனக்கும் அதுக்கு முன்னாடி ஒரு விரோதமும் இல்ல. இதை நீங்க தனியா எழுதிக்கணும். பின்னாடியும் ஒண்ணும் இல்ல.

முதல் ரெக்கார்டு மெட்ராஸ்ல. கோகிலம் ரெக்கார்ட்ஸுனு ஒரு கம்பெனி, பக்திப் பாட்டும் பாம்பு மகுடியும் போட்டுக்கிட்டிருந்தவங்க. இவங்க நாலு பேரும் ரயில் பாஸ்ல போனாங்க. அங்க இருந்த பெரியவர் நல்ல மனுஷன், ஆனா என் கேஸ்தான். மேவிஸ் முதல் வரியைப் பாடினதும் நிறுத்தி, "அம்மா, உடம்பு சரியாகட்டும், சாயந்தரம் எடுக்கலாம்"னு சொல்லி, சீரகத் தண்ணி வெச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்கார். சாயந்தரமும் விக்கியிருக்கா. கடைசியில விக்கல் இல்லாமத்தான் எடுத்தாங்க. "லெமன் பிக்கிள் பேபி". கேட்டீங்கல்ல? உப்பில்லாத ஊறுகா. அதை வாங்கினது பூரா டிக்ரூஸோட சொந்தக்காரங்க, அதுலயும் பாதிப் பேர்கிட்ட கிராமபோன் கிடையாது.

ரெண்டாவது ரெக்கார்டு. அதுக்குத்தானே வந்திருக்கீங்க.

அறுபத்திமூணு, பிப்ரவரி, புதன்கிழமை. கம்பெனியில அந்தப் பெரியவர் போய் அவர் தம்பி மகன் வந்திருந்தார். அவருக்கு விக்கல் பிடிச்சுப் போச்சு. "ஸ்டுடியோ வேணாம், உங்க ஹால்லயே எடுக்குறேன்"னு வேன்ல மெஷினை ஏத்திக்கிட்டு இங்கயே வந்துட்டார். மூணு பேருக்கும் பதினொன்றரை வரைக்கும் கேட் பாஸ். பாட்டு "ஷண்ட் மீ ஸ்லோ". பாட்டோட நீளம் ரெண்டே முக்கால் நிமிஷம். அவர் விவரமானவர், சங்கு பத்தி விசாரிச்சு வெச்சிருந்தார். பதினொன்னு இருபத்தஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சா இருபத்தெட்டுக்குள்ள முடிஞ்சுரும், முப்பதுக்கு இவன் ஊதிக்கட்டும்னு கணக்குப் போட்டார். நியாயமான கணக்கு.

இங்க ஒரு விஷயம். ஒரே ஒரு மைக். கடைசிச் சரணத்தை மேவிஸும் கிளாரன்ஸும் சேந்து பாடணும். ஒரு மைக்ல ரெண்டு பேரு பாடணும்னா என்ன பண்ணணும்? கன்னத்தோட கன்னம் வெக்கணும். ஒத்திகையில வெச்சாங்க. பாய்லர் வீட்டு மாடி ஜன்னலுக்கு நேர் எதிர்ல இன்ஸ்டிட்யூட் ஜன்னல். வெச்சது எனக்குத் தெரிஞ்சுது. அவன் தலை எண்ணெய் அவ கன்னத்துல மினுங்கினது வரைக்கும் தெரிஞ்சுது. ஆறு தடவை ஒத்திகை பாத்தாங்க. கடைசிச் சரணத்தை மட்டும். முதல் சரணத்துக்கு ஒத்திகையே வேண்டாமா? அது ஒரு சந்தேகம், அவ்வளவுதான். தொழில்முறைச் சந்தேகம்.

சங்கு ஊதிடுச்சு.

நான் ஊதினேன்னு சொல்லல, ஊதிடுச்சுன்னு சொல்றேன். அந்த மெட்ராஸ்காரர் நோட்டுல பதினொன்னு இருபத்தாறுன்னு எழுதியிருக்குங்கறீங்க. இருக்கலாம். விசாரணையிலயும் அப்படித்தான் சொன்னாங்க. விசாரணைக் கதையை அப்புறம் சொல்றேன்.

ஊதினதும் என்ன ஆச்சுன்னு உங்க ரெக்கார்டுலயே இருக்கு. பட்டறை ஆளுங்க காதுல சங்கு விழுந்தா மூளைக்குப் போகாது தம்பி, நேரா கைக்குப் போகும். கை நின்னுரும். பாதித் திருகின திருகைப் பாதியில விட்டுட்டுப் போற ஜாதி. அதுலயும் புதன்கிழமை. கேன்டீன்ல கறிக்குழம்பு. பிந்திப் போனா எலும்புதான். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கிளாரன்ஸ் கிட்டார் சட்டுன்னு நின்னுச்சு. தேவசகாயம் பெட்டியில ஒரு கடைசி 'டொம்'. நாற்காலி இழுக்குற சத்தம். டிபன் பாக்ஸ் மூடி ஒண்ணு கீழ விழுந்து உருளும். பக்கிரிசாமி குரல் தெளிவா கேக்கும், "எலும்புகூட மிஞ்சாது, வாங்கடா"ன்னு. அந்தத் தட்டு எப்படியோ பின்லாந்து வரைக்கும் போய், அந்த வரியை அங்க மேடையில சேத்துப் பாடுறாங்கன்னு போன்ல சொன்னீங்களே, நெசமாவா? அங்க உள்ளவங்க எல்லாரும் சேந்தா? பக்கிரி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான். அவன் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. கறிக்குழம்பு இல்ல, சர்க்கரை.

ஆக மூணு பேரும் பாட்டுக்கு நடுவுல சாப்பிடப் போயாச்சு. மெட்ராஸ்காரர் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குறார். மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. மேவிஸ் நிறுத்தல.

நிறுத்தியிருக்கலாம். எவளா இருந்தாலும் நிறுத்தியிருப்பா. இவ ஜன்னல் பக்கம் திரும்பி, செருப்புக் காலால பலகையில தட்டிக்கிட்டே, சங்கு என்ன சுருதியில இருக்கோ அந்தச் சுருதியைப் பிடிச்சு ஏறினா பாருங்க. ஏறி, அங்க நின்னு, ஒரு விக்கல். சங்குக்கு மேல ஒரு விக்கல். அந்தக் கிளாரன்ஸோட சேந்து பாட வேண்டிய கடைசிச் சரணம் முழுக்க சங்கோட சேந்து பாடினா. ஒரு நிமிஷமும் பத்து செகண்டும். கூட இருந்தது யாரு? நான். ஆரம்பிச்சு வெச்சவங்க மூணு பேரு, முடிச்சு வெச்சவன் நான் ஒருத்தன்.

இப்ப லேபிளைப் பாருங்க. கிட்டார், கிளாரன்ஸ். பாதிப் பாட்டுக்குச் சாப்பிடப் போனவன். பெட்டி, தேவசகாயம். போனவன். டிரம், பக்கிரிசாமி. கூப்பிட்டுக்கிட்டுப் போனவன். சங்கு, இன்னாசிமுத்துன்னு எங்கயாவது இருக்கா? அறுபது வருஷமா கண்ணாடியை மாத்தி மாத்திப் பாக்குறேன், இல்ல. இது நியாயமா? பேருக்கு ஆசைப்படல. நியாயத்தைச் சொல்றேன்.

அந்த ரெக்கார்டு ஓடல. கடைக்காரங்க எல்லாம் "பாட்டுல எஞ்சின் சத்தம் வருது, தட்டுல கோளாறு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவதுக்குக் கம்பெனி வரல. அத்தோட மேவிஸோட ரெக்கார்டிங் வாழ்க்கை முடிஞ்சுது. மொத்தம் ரெண்டு தட்டு. அதுக்குக் காரணம் கடைக்காரங்களுக்கு ரசனை கிடையாது. அந்தக் கம்பெனிக்கும் கிடையாது. நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன், வேற காரணம் எதுவும் தெரியல. அப்புறம் அவ டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தா. கோயில்ல பாடினா. கோயில் பாட்டுலயும் சில சமயம் விக்கிடும். புதுப் பாதிரியார் ஒருத்தர் வந்து, "அம்மா, அல்லேலூயாவுக்கு நடுவுல அது வேணாமே"ன்னு கேட்டுக்கிட்டார். இவ "சரி ஃபாதர்"னா. வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உருட்டினா.

விசாரணை, ஆமா. அன்னிக்கு ஊரே தலைகீழ். நாலு நிமிஷம் முந்தி வடிச்சதால காலனி முழுக்க அரைவேக்காட்டுச் சோறு. ஸ்கூல் விட்டாச்சு, திரும்பக் கூட்ட முடியல. பட்டறையில ஆயிரத்து எண்ணூறு பேரு நாலு நிமிஷம் முந்தி வெளிய. பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ஏன்பா?"ன்னார். நான், "ரூம் கடிகாரம் வேகமா ஓடிடுச்சு சார்"னேன். "அரை நிமிஷம் இழுக்க வேண்டியதை ஏன் ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்தே?"ன்னார். "கயிறு கொக்கியில சிக்கிடுச்சு சார்"னேன். எழுதிக்கிட்டார். மூணாம் நாள் கடிகாரத்தைக் கழட்டி, 'நம்பத் தகாதது'ன்னு அட்டை கட்டிப் பழைய சாமான் குடோன்ல போட்டுட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. ரிட்டயர் ஆகுறப்போ 'காலந்தவறாமைக்காக'ன்னு சால்வை போட்டாங்க. அந்த சால்வையும் இருக்கு, எடுத்துக் காட்டவா? வேணாமா. சரி.

கடிகாரத்தை ஏலத்துல நான்தான் எடுத்தேன். அதோ, உங்க தலைக்கு மேல. அதேதான். ஏன் எடுத்தேன்னா, நல்ல மரம். வேற ஒண்ணும் இல்ல. அது அங்க குடோன்ல அட்டையோட கிடந்ததைப் பாத்தப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பாவம், அதுக்கு வாய் கிடையாது.

இல்ல, இப்ப சரியாத்தான் ஓடுது. ரேடியோ காலத்துல ரேடியோவோட ஒப்பிட்டுப் பாப்பேன். இப்ப பேரன் போனோட ஒப்பிட்டுப் பாக்குறேன். ஒரு செகண்டு பிசகல. ரிப்பேரா? ரிப்பேர் பண்ணல. தானா சரியாயிடுச்சு போல. கடிகாரங்கள்ல அப்படி உண்டு.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க.

உங்களுக்கு வேண்டியது கையெழுத்து. மேவிஸ் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தப் பழைய பாட்டு மறுபடி புது ரெக்கார்டா வெளிய வரும். அவ உங்ககிட்ட போன்ல என்ன சொல்லியிருக்கா? "சங்கு ஏன் முந்தி ஊதுச்சுன்னு என் வீட்டுக்காரரைக் கேளு மேன், அவர் சொன்ன அப்புறம்தான் பேனாவைத் தொடுவேன்"னு. எதுக்கு இந்தப் பிடிவாதம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. சொல்றதுக்கு என்ன இருக்கு? கடிகாரம் வேகம், கயிறு சிக்கல். எழுதிக்குங்க, புது ரெக்கார்டு அட்டையில என் பேரைப் போட்டுடுங்க. அவ்வளவுதான் அந்த ஒரு வரி. ரெண்டு வரியா ஆயிடுச்சு.

கேட் சத்தம். வந்துட்டா. மெஷினை நிறுத்திடுங்க. நிறுத்த வேணாமா? சரி, உங்க இஷ்டம்.

வா மேவிஸ். தம்பி மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கார். எல்லாம் சொல்லிட்டேன்.

"கடிகாரம் வேகம், கயிறு சிக்கல். அதுதானே மேன் சொன்னே?"

ஆமா, நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

"அறுபது வருஷமா இந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் நான் சோறு வடிக்கிறேன். ஒரு நாளாவது அரைவேக்காடு சாப்பிட்டியா?"

மேவிஸ், வெளி ஆள் இருக்காரு.

"அவர் கேக்கத்தானே வந்தாரு. கேளு மேன் தம்பி. ஒத்திகையில ஆறு தடவை அந்தக் கிளாரன்ஸ் எண்ணெயை நான் கன்னத்துல பூசிக்கிட்டேன். ஏன் ஆறு தடவை? அவன் தப்பாவா பாடினான்? ஒழுங்காத்தான் பாடினான். எதிர் ஜன்னல்ல ஒருத்தன் நிக்கிறான், ரெண்டு வருஷமா தண்ணி டம்ளர் நீட்டுறதைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசல. இதுக்காவது அசையறானான்னு பாத்தேன். அசையல. நல்லதுன்னு விட்டுட்டு ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சேன். அப்பதான் சங்கு வருது. திரும்பிப் பாக்குறேன், கயிறைப் பிடிச்சிட்டு நிக்கிறான். கண்ணு கடிகாரத்து மேல இல்ல."

தம்பி, இதெல்லாம் எனக்கே புதுசு.

"ஊதினதுக்கு எனக்குக் கோபம் வந்துச்சு மேன். ரொம்பக் கோபம். என் பாட்டு அது. நிறுத்திட்டுப் போய் அவனை நாலு சாத்தலாம்னு இருந்தேன். அரை நிமிஷத்துல நிக்கும்னு எண்ணிக்கிட்டே பாடுறேன், நிக்கல. நான் பாடுற வரைக்கும் விட மாட்டேங்குறான். நான் கடைசி விக்கலை விக்கி முடிச்சேன், அப்ப விட்டான். அது எந்தக் கொக்கி மேன்? பாட்டு முடியற வரைக்கும் பிடிச்சு வெச்சு, முடிஞ்சதும் விடுற கொக்கி?"

நீங்களும் சிரிக்கிறீங்க தம்பி. சிரிங்க.

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. என் ரெக்கார்டு வாழ்க்கை அன்னிக்கு முடிஞ்சுது. முடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும், அவனைத்தான் கட்டிக்கிட்டேன். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். ஆனா அவன் வாயால கேட்டதில்ல. அந்தக் கடிகாரம் பாவம், அது என்ன பண்ணுச்சு? அது மேல பழியைப் போட்டு ஒரு தட்டு வெளிய வரும்னா எனக்கு அந்தத் தட்டு வேணாம்."

மேவிஸ். உக்காரு. நின்னுக்கிட்டே பேசினா உனக்கு மூச்சு வாங்கும்.

தம்பி, அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்க. 'இசைக் கலைஞர்கள்' கட்டம் இதுதானே. பேனா எழுதுதா? இன்னாசிமுத்து. இங்க 'வாசித்த கருவி'. என்ன எழுதுறது, சங்கா? இல்ல. நான் வாசிச்சது கயிறு. கயிறுன்னே போடுறேன். பின்லாந்துக்காரங்க என்னவோ நெனச்சுக்கட்டும்.

அப்புறம் உங்க புஸ்தகத்துல எழுதிக்குங்க. பென்ஷனை நிறுத்தினா நிறுத்தட்டும், சால்வையைத் திருப்பிக் கேட்டா பீரோவுல இருக்கு, எடுத்துக்கட்டும். பதினொன்னு இருபத்தாறு. கயிறு சிக்கல. நான் பிடிச்சிருந்தேன், விட மனசு வரல. அவ்வளவு நேரம் அவ என்னைப் பாத்துப் பாடினது அதுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும்...

சரி, பின்னாடி உண்டு. திட்டும்போது.

இந்தா மேவிஸ், பேனா. அதோ மணி அடிக்கப் போகுது, கையெழுத்தைப் போட்டுட்டுப் போய்ச் சோத்தைப் பாரு. தம்பியும் இங்கதான் சாப்பிடுறார்.

தம்பி, இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கா? அட்டையில எங்கயாவது, ஓரமா, சின்ன எழுத்துலயாவது. கடிகாரம் சரியாத்தான் இருந்துச்சுன்னு போட்டுடுங்க.